ஆட்டுக்கு நாலாயிரம்

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணத் தொகைகளை ஒருமுறை வரிசையாகப் படித்துப் பாருங்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய். பசுவோ எருமையோ செத்திருந்தால் 37,500. ஆட்டுக்கு 4,000. நெற்பயிர் அழிந்திருந்தால் எக்டேருக்கு 17,000. சேதமான குடிசைக்கு 10,000. படகுக்கு, வலைக்கு, கோழிக்கு என்று தனித்தனியே உண்டு. இதில் எதையும் நான் குறைசொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஆடு என்பது தனியாக வாழும் ஒரு கிழவியின் வங்கிக் கணக்கு. மருந்துக்கும் பேத்தியின் சடங்குக்கும் அவள் கையில் இருப்பது அதுதான். நாலாயிரம் போதாது என்றுகூடச் சொல்வேன்.

என் வழக்கு அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஓர் இழப்பைப் பற்றியது. வெள்ளம் வடிந்து ஏழெட்டு வாரம் கழித்து, ஏரல் பக்கம் ஒரு கிராமத்துக்கு மாணவிகளோடு போயிருந்தேன். பாய், போர்வை, பாத்திரம் கொடுக்கிற வேலை. எழுபதைத் தாண்டிய ஓர் ஆச்சி, வாங்கிய போர்வையைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்படி இருக்கீங்க என்று ஒரு மாணவி கேட்டாள். "எனக்கென்ன தாயி, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் போன பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். மாற்றுச் சேலை ஒன்றும் குடும்ப அட்டையும் ஒரு தூக்குவாளிக்குள் தலைமாட்டிலேயே இருக்கிறது. ராத்திரி இரண்டு மூன்று தடவை விழிப்பு வந்து, கட்டிலுக்குக் கீழே கையை விட்டுத் தரை நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். "தண்ணி வரலன்னு தெரியும். ஆனாலும் கை போவுது" என்றார். பக்கத்தில் நின்ற மகனுக்கு இது புதிய செய்தி இல்லை. "வயசாயிட்டுல்லா, அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

வயசாயிட்டு, அப்படித்தான். இந்த இரண்டு வார்த்தையோடு சண்டை போடுவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இரவில் எழுந்து தரையைத் தடவினால் அந்த வீடு சும்மா இருக்காது. ஆஸ்பத்திரிக்கோ கோவிலுக்கோ கொண்டுபோவார்கள், மந்திரிப்பார்கள், மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். எது செய்தாலும், இது ஒரு துன்பம் என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள். அதையே எழுபது வயதுக்காரி செய்தால் அது அவளுடைய குணம் ஆகிவிடுகிறது. நோய் என்றால் தீர்க்க வேண்டும், குணம் என்றால் பொறுத்துக்கொண்டால் போதும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நினைவு சீக்கிரம் மங்குகிறது. டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகமாக ஒரே நாளில் ஓர் ஊரில் கொட்டியது. தாமிரபரணி கரையை மீறியது. ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுபோனது. அவர்களுக்கு அருகிலிருந்த கிராமத்தார் சோறாக்கிப் போட்டார்கள். நாடெங்கும் அந்த ரயிலைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மின்சாரமும் செல்பேசியும் செத்துக்கிடந்த ஊர்களுக்குள் எந்தக் கேமராவும் போகவில்லை. அங்கே இளைஞர்கள் கழுத்தளவு தண்ணீரில் நீந்தி வெளியேறினார்கள். நடக்க முடியாதவர்களை மாடியிலோ பரணிலோ ஏற்றி வைத்தார்கள். சிலர் இரண்டு நாள் அங்கேயே இருந்தார்கள். கீழே தன் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதை, இறங்கி வர முடியாத கால்களோடு மேலிருந்து பார்த்துக்கொண்டு இருப்பது என்ன மாதிரியான இரண்டு நாள்?

இதற்கு நம்மிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: 'அவங்கல்லாம் எவ்வளவோ பாத்தவங்க, தாங்கிக்குவாங்க.' அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. பேரிடருக்குப் பிறகான மனநலத்தை ஆராய்ந்தவர்களில் ஒரு சாரார், பிள்ளைகளையும் கடனையும் சுமக்கும் நடுவயதினர்தான் அதிகம் உடைகிறார்கள் என்றும், முன்னமே பேரிடர் கண்ட முதியவர்கள் சிலர் உறுதியாக நிற்கிறார்கள் என்றும் கண்டிருக்கிறார்கள். எங்கள் வேம்பாரில் 1964 டிசம்பர் புயலைக் கேட்டுப் பாருங்கள். தனுஷ்கோடியை அழித்த அந்த இரவைப் பற்றி, பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனதைப் பற்றி, அன்று சிறுமிகளாக இருந்தவர்கள் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். அடுத்த புயலுக்கு எதைக் கட்ட வேண்டும், எதை அவிழ்த்துவிட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அது ஒரு பலம்தான். ஆனால் பலம் இருக்கிறது என்பதால் காயம் இல்லை என்று யார் முடிவுகட்டியது? அதே ஆய்வுகள், கணவனை இழந்தவர், வருமானம் அற்றவர், நோயாளி, வாழ்ந்த இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டவர் என்று வரும்போது கதை மாறிவிடுவதையும் சொல்கின்றன. இந்த நாலையும் ஒன்றாகச் சேர்த்தால் வருவது யார்? நம் ஊர்க் கிழவி.

'தாங்கிக்குவாங்க' என்பதை நாம் எங்கே கற்றோம் என்று யோசித்தால் எனக்கு என் வகுப்பறைதான் நினைவுக்கு வருகிறது. புறநானூற்றின் 278ஆம் பாட்டை ஆண்டுதோறும் நடத்துகிறேன். காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்ற பெண் எழுதியது. நரம்பு எழுந்த தோளோடு ஒரு முதியவள், மகன் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்டு வாளோடு களத்துக்குப் போகிறாள். சிதைந்து கிடக்கும் அவன் உடலைக் கண்டு, பெற்ற நாளைவிட அதிகம் மகிழ்கிறாள். இதை வீரத்தாய் என்று பாடநூலில் போட்டு, மேடையில் முழங்கி, தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்டுவிட்டோம். அவள் வீடு திரும்பிய அன்றைய இரவைப் பற்றி யாரும் கேள்வி கேட்டதில்லை. ஒரு மாணவி கேட்டாள், "அவங்களுக்கு வேற பிள்ள உண்டா மேடம்?" வகுப்பு சிரித்தது. எனக்கு அது அந்தப் பாட்டைப் பற்றிக் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வியாகத் தோன்றியது.

இன்னொரு பக்கம், உடம்பில் துயரத்தைப் படிக்கும் கலையில் நம்மை மிஞ்ச ஆளில்லை. பசலை படர்ந்தது, வளை கழன்றது, தோள் மெலிந்தது, கண் உறங்கவில்லை என்று தலைவியின் மேனியில் ஒவ்வோர் அடையாளத்தையும் எழுதி வைத்திருக்கிறோம். நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருளே இரங்கல். கடற்கரை என்றால் துயரம் என்று இலக்கணமே வகுத்த மொழி இது. ஆனால் அந்த இரங்கலுக்கு இளமை தேவைப்பட்டது. மூத்தவள் அந்தக் காட்சிக்குள் வந்தால் செவிலியாக வருவாள், நற்றாயாக வருவாள். மகள் போய்விட்டாளே என்று அழுவதற்கு மட்டும் அவளுக்கு அனுமதி. இன்று எழுபது வயதுக்காரி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து, கால் குடைகிறது, நெஞ்சு கரிக்கிறது, வாய் கசக்கிறது, சோறு இறங்க மாட்டேங்குது, உடம்பெல்லாம் ஒரு மாதிரியா இருக்கு என்கிறாள். முதுமையில் மனச்சோர்வு பெரும்பாலும் இப்படித்தான், உடம்பின் வலியாக வந்து நிற்கும் என்பது மருத்துவப் புத்தகங்களில் உள்ள செய்தி. அவளுக்குக் கிடைப்பது வலி மாத்திரையும் சத்து மாத்திரையும். கொஞ்சம் அதிகமாகப் புலம்பினால் தூக்க மாத்திரை. அந்த வயதில் தூக்க மாத்திரை இரவில் எழும்போது தடுமாறி விழவும் குழப்பம் கூடவும் வழிசெய்யும். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பிறகு அதையும் 'வயசாயிட்டு' கணக்கில் எழுதிவிடலாம்.

இது ஏதோ தூத்துக்குடி மாவட்டத்தின் தனிக் கதை என்று நினைக்க வேண்டாம். இந்திய முதியோர் பற்றிய தேசிய நெடுங்கால ஆய்வின் முதல் சுற்று 2017-18இல் நடந்தது. அறுபது வயதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று அது கணக்கிட்டது. மருத்துவர் தங்களுக்கு மனச்சோர்வு என்று சொன்னதாகச் சொன்னவர்கள் 0.8 சதவீதம். பத்தில் ஒருவருக்குத்தான் நோயின் பெயராவது தெரிந்திருக்கிறது, மற்ற ஒன்பது பேர் கால்குடைச்சல்காரர்கள். ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம். வெள்ளமோ புயலோ இல்லாத சாதாரண நாட்களின் கணக்கு இது என்பதை மறந்துவிடாதீர்கள்.

சுனாமிக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. மன்னார் வளைகுடாவின் எங்கள் கரைக்கு இலங்கைத் தீவு ஓரளவு மறைப்பாக நின்றது. நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் அப்படி எதுவும் இல்லை. கடலூர் மாவட்டத்தில் 146 ஆண்கள் இறந்த இடத்தில் 391 பெண்கள் இறந்ததை ஆக்ஸ்பாம் அமைப்பு 2005இல் சுட்டிக்காட்டியது. கடலுக்குள் போன ஆண்களின் படகுகளுக்கு அடியில் அலை கடந்து போனது. மீனுக்காகக் கரையில் காத்திருந்த பெண்களையும் வீட்டில் இருந்த பெண்களையும் அது அடித்தது. பெண்ணியவாதிகள் இதைச் சரியாகவே திரும்பத் திரும்பப் பேசினோம். நாம் அதிகம் பேசாதது அந்தக் காலை நேரத்தில் குழந்தைகள் யார் கையில் இருந்தன என்பதை. மீன் விற்கிற தாய் கூடையோடு போய்விடுவாள், பேரப்பிள்ளைகள் பாட்டியிடம் இருக்கும். கடற்கரை ஊர் எதிலும் இதுதான் ஏற்பாடு. வேம்பாரிலும் இதுதான். இரண்டு கைக்கு மூன்று பிள்ளைகள். அலை வந்தபோது எந்தக் கையை விட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியும். "நீதான பாத்துக்கிட்டிருந்த" என்று மருமகள் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். கேட்காமலே இருந்திருந்தால் இன்னும் மோசம்.

சுனாமிக்குப் பிறகு, குழந்தைகளை இழந்த, ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட தாய்மார்களுக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைச் சிகிச்சையை அரசு செலவில் செய்துகொடுத்தார்கள். செய்தித்தாள்களில் பிறந்த குழந்தைகளின் படம் வந்தது. அந்தத் தாய்மார்களில் எத்தனை பேர் தாமாக விரும்பினார்கள், எத்தனை பேரை வீடு தள்ளிவிட்டது என்று கேட்க வேண்டும், அது வேறு கட்டுரை. எனக்கு இங்கே தெரிவது ஒன்று. அரசுக்குப் பெண்ணின் துயரம் கருப்பை வழியாகத்தான் கண்ணில் பட்டது. கருப்பை ஓய்ந்துபோனவளிடம் சரிசெய்ய ஒன்றும் இல்லை என்று கடந்து போனார்கள். பேரனைக் கைவிட்டுவிட்டதாக நம்புகிற கிழவிக்கு எந்த அறுவைச் சிகிச்சை இருக்கிறது? அவளுக்கு வேண்டியது ஒரு மனிதர், உட்கார்ந்து கேட்க, வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடத்துக்கு.

மனநல உதவியே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். பெங்களூரு நிம்ஹான்ஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பிய முயற்சிகள் அந்த நாட்களின் நல்ல விளைவு. முதியோர் பக்கம் திரும்பியவர்களும் உண்டு. ஹெல்ப்பேஜ் இந்தியா கடலூரில் சுனாமியால் தனித்துப்போன முதியவர்களுக்காகத் தாமரைக்குளம் என்ற பெயரில் ஒரு முதியோர் குடியிருப்பையே ஏற்படுத்தியது. ஆனால் பொதுவாக எங்கும் நடப்பது வேறு. கிரேயான், வெள்ளைத்தாள், ஒரு பாட்டு, ஒரு விளையாட்டு என்று பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். குழந்தை வரைந்த அலையைப் படம் எடுப்பார்கள். பிறகு சுயஉதவிக் குழுப் பெண்களோடு ஒரு கூட்டம். திண்ணையில் உட்கார்ந்திருப்பவளிடம் வழி கேட்பார்கள். மூன்றாவது வாரம் வண்டி போய்விடும்.

ஜப்பானில் நடந்ததை நம் அதிகாரிகள் படிக்க வேண்டும். 1995இல் கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு தற்காலிக வீடுகளை முதலில் முதியவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். நல்ல எண்ணம்தான். விளைவு, ஐம்பது வருடம் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தவர்கள் திசைக்கு ஒருவராகச் சிதறிப் போனார்கள். அந்த வீடுகளில் யாரும் அறியாமல் தனியே இறந்து, நாள் கழித்துக் கண்டெடுக்கப்பட்டவர்களைக் குறிக்க 'கொடோகுஷி' என்ற சொல் நாடெங்கும் புழங்கத் தொடங்கியது. தனிமைச் சாவு என்று பொருள். 2011 நிலநடுக்கம், சுனாமி, அணுஉலை விபத்து மூன்றுக்கும் பின், அலையில் சாகாமல், இடம்பெயர்ந்த அலைச்சலிலும் முகாமிலும் சோர்விலும் இறந்தவர்களையும் அந்த நாடு பேரிடர் சார்ந்த சாவு என்று தனியாக எண்ணுகிறது. அப்படி எண்ணப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் 66 வயதும் அதற்கு மேலும். எண்ணினார்கள், அதனால் தெரிந்தது. நம் ஊரில் வெள்ளம் வடிந்து நாலு மாதம் கழித்து, சாப்பிடாமல் சுருண்டு படுத்துச் செத்துப்போன பாட்டி எந்தக் கணக்கில் சேருவாள்? இயற்கை மரணம் என்று எழுதி எடுத்துப் போவோம். ஐந்து லட்சத்துக்காகக் கேட்கவில்லை. அவள் எதனால் செத்தாள் என்று எங்காவது எழுதி வைக்க வேண்டாமா?

முகாம்களைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கூட வகுப்பறையில் நூறு பேர், கழிப்பறை மைதானத்தின் அந்தக் கோடியில், இருட்டு, வழுக்கல். மூத்த பெண்கள் இதற்குக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றே: தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்வது. நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வரும். அந்த வயதில் சிறுநீர்த் தொற்றும் நீர் வற்றிப்போவதும் புத்தியைக் கலக்கிவிடும். நேரம் காலம் தெரியாமல் பேசுவார்கள், இறந்துபோனவரைக் கூப்பிடுவார்கள், பிள்ளையை அடையாளம் தெரியாது என்பார்கள். முகாமில் அதைப் 'பயத்துல புத்தி பேதலிச்சுட்டு' என்பார்கள். குளுக்கோஸ் ஏற்றி, தொற்றுக்கு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடக்கூடிய கோளாறு இது. வெள்ளத்தில் போன பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் எத்தனை நாளில் மறுபடி கைக்கு வந்தன என்பதும் மனநலக் கேள்விதான். வெளிச்சமான, அருகிலிருக்கும் ஒரு கழிப்பறை, சில கிழவிகளின் புத்தியைக் காப்பாற்றும். இதற்கு மனநல மருத்துவர்கூட வேண்டாம், கொத்தனார் போதும்.

குடும்ப அட்டைக்கு வருவோம். கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் அட்டைக்கு 6,000 ரூபாய், மற்ற இடங்களில் 1,000 என்று 2023இல் கொடுத்தார்கள். அட்டை மகன் பெயரில் அல்லது மருமகள் பெயரில் இருக்கும். அம்மா அதில் ஒரு பெயர். வீட்டுக்குப் பின்னால் ஓலைச்சாய்ப்பில் தனியே சமைத்துச் சாப்பிடுகிறவள், அட்டையில் மட்டும் குடும்பத்தோடு ஒன்றாக இருப்பாள். அவளுடைய சாய்ப்பு போனது, சட்டி பானை போனது, ஆனால் அவள் ஒரு குடும்பம் இல்லை. சுனாமி வீடுகளிலும் வீட்டுக்கு வீடு என்று கணக்குப் போட்டபோது இப்படித்தான் தனித்த மூத்த பெண்கள் விழுந்துபோனார்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் பட்டா கொடுத்ததை நாம் வெற்றி என்று கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். கணவன் இல்லாதவளும் மகன் வீட்டில் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு இடம் பார்க்கிறவளும் அந்தப் பட்டாவில் எங்கே என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

மாதாமாதம் வரும் முதியோர் ஓய்வூதியம் 2023இல் 1,200 ரூபாய் ஆனது. இதில் எண்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒன்றிய அரசு தருவது 200 ரூபாய். 2007இலிருந்து அதே 200 ரூபாய்தான், ஒரு ரூபாய் ஏறவில்லை. அந்த ஓய்வூதியம் வாங்குகிறவளுக்கு மகளிர் உரிமைத்தொகை கிடையாது. இரட்டை உதவி கூடாது என்பது விதியின் தர்க்கம். எனக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது: அறுபதைத் தாண்டினால் நீ முதியோர், இனி மகளிர் இல்லை.

பணத்தைப் பற்றி இவ்வளவு பேசியதற்குக் காரணம் இருக்கிறது. மனம் என்பது மண்டைக்குள் தனியாக மிதக்கிற ஒன்று என்று எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. வேம்பார் பனங்காட்டு ஊர், அதே நேரத்தில் கடல் ஊர். முத்துக்குளித்துறையின் ஏழு துறைகளில் ஒன்று. முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. பனை மீதி இருக்கிறது. ஆண் பனை ஏறுவான், பதநீரை விடிலியில் வைத்துக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிறவள் பெண். பாகு எப்போது இறக்க வேண்டும் என்பதை நுரையைப் பார்த்தே சொல்லும் கிழவிகள் இருக்கிறார்கள். காற்று வாடையா கொண்டலா என்று வாசலில் நின்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு மரியாதை வருவது அந்த அறிவால். விடிலி சரிந்து, பானைகள் போய், மகன் 'இனி இது வேண்டாம், நீ பேசாம இரு' என்று தூத்துக்குடியில் ஒரு வாடகை வீட்டு அறைக்குக் கூட்டிப்போனால், அவள் இழப்பது பானைகளை மட்டும் என்று எண்ணாதீர்கள். அவளிடம் ஒன்றைக் கேட்பதற்காக யாரும் வருகிற வாழ்க்கை முடிந்துபோகிறது. கடல் முன்னறிவிப்பு இப்போது செல்பேசியில் வருகிறது. வரட்டும், உயிர் காக்கிறது. அதைக் கிழவியிடமும் ஒருவர் வாசித்துக் காட்டி, 'நீங்க என்ன நினைக்கீங்க பாட்டி' என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்?

தோழிகளே, நம்மிடமும் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பெண்ணெழுத்து கடந்த முப்பது ஆண்டுகளில் உடலைப் பற்றி எழுதியதில் எனக்குப் பெருமை உண்டு, அந்த வரிசையில் என் கவிதைகளும் நிற்கின்றன. ஆனால் அந்த உடலுக்கு வயது என்ன? பூப்பு, காமம், பிரசவம், கருக்கலைப்பு, எப்போதாவது மாதவிடாய் நிற்றல். அதற்குப் பிறகு நம் கவிதைகளில் வரும் மூத்த பெண் பெரும்பாலும் பாட்டி, நம்முடைய குழந்தைப் பருவத்தின் வாசனைப் பொருள். வெற்றிலையும் வெந்தய வாசனையும் உள்ள ஒரு நினைவு. அல்லது மாமியார், ஆணாதிக்கத்தின் காவல்காரி. அவளுக்கு என்று ஒரு பயம், ஒரு கோபம், தற்கொலை எண்ணம், இரவில் தரையைத் தடவும் கை இருக்கக்கூடும் என்று எத்தனை கவிதைகள் நினைத்தன? ஒப்பாரியைத் தொகுத்து முனைவர் பட்டம் வாங்கினோம். ஊரின் துயரத்தையெல்லாம் குரலெடுத்துப் பாடியவளுக்கு வெள்ளத்துக்குப் பிறகு குரல் எழும்பவில்லை என்றால் அதைப் பதிவுசெய்ய எந்த ஒலிப்பதிவுக் கருவியும் போவதில்லை.

2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம், முதியோருக்கு என்றே 14567 இருக்கிறது. எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், பயன்படும். ஆனால் வீட்டில் இருக்கிற ஒரே செல்பேசி பேரன் கையில் இருக்கும். 'என் மருமக எனக்குச் சோறு போடும்போது முகம் பாக்க மாட்டா' என்பதை மருமகள் காதுபட எந்த ஆச்சி பேசுவாள்? காதும் சரியாகக் கேட்காது, கத்திப் பேச வேண்டும். வழி வேறெங்கோ தேட வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் நம் ஊர்ப் பெண்களே சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொண்டு வாசலுக்கு வருகிறார்கள். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றிவிட்டுக் காத்திருக்கிற அந்த நேரம் போதும். கடந்த இரண்டு வாரமாக எதிலாவது மனம் ஒட்டுகிறதா, சோர்ந்துபோய் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளை உலகெங்கும் சாதாரண மருத்துவமனைகளில் கேட்கிறார்கள். அதை நம் பேச்சில், 'மழ பெஞ்சா மனசு எப்படி இருக்கு ஆச்சி?' என்று அந்தப் பெண் கேட்கலாம். பதிலை எழுத ஒரு கட்டம் நோட்டில் வேண்டும், ஆம் என்றால் யாரிடம் அனுப்புவது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கு இப்போது கொடுக்கிற சொற்பத் தொகையில் இன்னொரு வேலையை ஏற்றி, பெண் என்பதால் அன்பாகச் செய்வாள் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. கேட்பது ஒரு வேலை, அதற்குக் கூலி உண்டு.

பேரிடர் நிவாரண விதிகளில் மனநலத்துக்கு என்று மூன்று வாரத்தை விட்டு, இரண்டு ஆண்டுக்கான ஒதுக்கீடு வேண்டும். முதல் ஆண்டு நினைவு நாளையும் அடுத்த மழைக்காலத்தையும் அது தாண்ட வேண்டும், ஏனென்றால் கை தரையைத் தடவுவது அப்போதுதான் மறுபடி தொடங்குகிறது. தனியாக உலை வைக்கிற மூத்த பெண்ணை, அட்டை யார் பெயரில் இருந்தாலும், ஒரு குடும்பமாக எண்ண வேண்டும். வீடு மாற்றினால் தெருவோடு மாற்ற வேண்டும், ஆளுக்கொரு திசையில் பிய்த்துப் போடக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்னால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆண்டுதோறும் முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கும். மணல் மூட்டை எத்தனை, மோட்டார் எத்தனை, மரம் அறுக்கும் இயந்திரம் எத்தனை என்று பட்டியல் வாசிப்பார்கள். இந்த முறை அந்தக் கூட்டத்துக்கு வேம்பாரிலிருந்து ஒருவர், ஏரலிலிருந்து ஒருவர், ஊருக்கு ஒரு பாட்டியைக் கூப்பிடுங்கள். வந்துபோக வண்டி அனுப்புங்கள். கழிப்பறைக்குப் பக்கத்தில் நாற்காலி போடுங்கள். மைக்கை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள்.